மேலே மழை பெய்தால்தான் அருவி விழும்

சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் வெயில் அடித்துக் கொண்டிருக்கும், ஆனால் மெயின் அருவியில் ஆள் நிற்க முடியாத அளவுக்குத் தண்ணீர் கொட்டும். இன்னொரு நாள் ஊருக்குள் நல்ல மழை பெய்யும், அருவியில் நூல் மாதிரி ஒழுகும். வெளியூர்க்காரர்களுக்கு இது புதிர். உள்ளூர்க்காரர்களுக்குக் காரணம் தெரியும். ஊருக்குள் எவ்வளவு பெய்தாலும் அருவிக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை. மேலே, மலையில் பெய்ய வேண்டும்.

கல்லூரிகளும் ஏறக்குறைய இப்படித்தான். ஒரு ஆசிரியர் உற்சாகமாகப் பாடம் நடத்துகிறாரா, கடைசி பெஞ்ச் மாணவி படிப்பை நடுவில் விடாமல் முடிக்கிறாளா என்பதெல்லாம் கீழே தெரிகிற தண்ணீர். அது வருவதும் வற்றுவதும் முதல்வர் அறையிலும், துறைத்தலைவர் மேசையிலும், துணைவேந்தர் நாற்காலியிலும் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் கல்வி பற்றிப் பேச்சு வந்தாலே, பசங்க சரியில்லை, வாத்தியார்கள் சரியில்லை, செல்போன் கெடுத்துவிட்டது என்று கீழேயே பார்த்துப் பேசி முடித்துவிடுவதுதான் வழக்கம். நிமிர்ந்து மேலே பார்ப்பவர்கள் குறைவு.

ஒரு தடவையாவது பார்த்துவிடலாமே!

கோவில் கட்டிய கல்லூரி

குற்றாலம் என்றால் ஐந்தருவி, பழைய அருவி, சாரல், எண்ணெய்க் குளியல், நேந்திரங்காய் சிப்ஸ் என்பதோடு பலருக்கும் ஞாபகம் முடிந்துவிடும். அங்கே ஒரு கல்லூரி இருக்கிறது. ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி. 1964ல் தொடங்கப்பட்டது. தொடங்கியது எந்தத் தொழிலதிபரும் இல்லை. திருக்குற்றாலநாதர் கோவில்தான். சித்திர சபை இருக்கிற அதே கோவில். இன்றைக்கு அது அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி.

1964க்கு முன்னால் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி டிகிரி படிக்க ஆசைப்பட்டால் என்ன வழி இருந்தது? பாளையங்கோட்டைக்குப் போக வேண்டும். அங்கே 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய சாராள் தக்கர் கல்லூரி இருந்தது. ஆனால் தென்காசியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். தினமும் போய் வருவது அந்தக் காலத்தில் நடக்காத காரியம். ஹாஸ்டலில் சேர்க்க வேண்டும். "வயசுக்கு வந்த பிள்ளைய ஹாஸ்டல்ல விடுறதா?" என்று ஒரே ஒரு பெரியவர் கேட்டால் போதும், அந்தப் பெண்ணின் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு முடிந்துவிடும்.

அந்த நிலைமையில் கோவில் பணத்தைப் பெண் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவழிப்பது என்று யாரோ உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். கல்வித் தலைமை என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேட வேண்டியதில்லை. பாடத்திட்டம், கட்டடம், தேர்வு எல்லாவற்றுக்கும் முன்னால், "இந்த இடம் யாருக்காக?" என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். மற்றதெல்லாம் அந்தப் பதிலிலிருந்து வர வேண்டியவை.

அதன்பிறகு மேலே எவ்வளவோ மாறிவிட்டது. 1966ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. 1990ல் திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. இன்றைக்கு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி என்று நான்கு மாவட்டக் கல்லூரிகளுக்கு அதுதான் தலைமை. தென்காசியே 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டது. போர்டுகள் மாறின, முத்திரைகள் மாறின. ஆனால் "இந்த இடம் யாருக்காக?" என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக வந்து சேரும் மாணவர்கள் அந்தக் கேள்வியோடுதான் உள்ளே வருகிறார்கள்.

இரண்டு மேசைகளுக்கு நடுவில்

ஒரு மாணவியைக் கற்பனை செய்து பாருங்கள். ஆலங்குளம் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா பீடி சுற்றுகிறார். தென்காசி மாவட்டத்தில் இது ஆயிரக்கணக்கான வீடுகளின் கதை. மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் போட்டு, நூல் கட்டி, அந்தக் கூலியில் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிற அம்மாக்கள் இங்கே நிறைய. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் இந்தப் பெண்தான்.

அவளுக்கு அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் 2024 கடைசியில் அது விரிவாக்கப்பட்டது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021லிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. எல்லாமே நல்ல திட்டங்கள்.

ஆனால் திட்டத்துக்கும் மாணவிக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதன் பெயர் கல்லூரி அலுவலகம்!

உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தால் மட்டும் போதாது. கல்லூரியில் அதற்கென்று பொறுப்பான ஒருவர் அதைத் திறந்து பார்த்து, சரிபார்த்து, மேலே அனுப்ப வேண்டும். கடைசித் தேதிக்குள் அவர் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே கிடந்து செத்துப் போகும். போனஃபைட் சர்டிபிகேட் வாங்க கிளார்க்கிடம் போனால் "சூப்பிரண்ட் கையெழுத்து வேணும்". சூப்பிரண்டிடம் போனால் "ஹெச்.ஓ.டி. கையெழுத்து இல்லையே". ஹெச்.ஓ.டி. அன்றைக்கு லீவ். மறுநாள் வந்தால் "நேத்தே வந்திருக்கணும்". மூன்றாவது நாள் அந்தப் பெண் வரமாட்டாள். வேண்டாம் என்று விட்டுவிடுவாள். யாரும் அவளுக்குக் கெடுதல் செய்யவில்லை. யாரும் லஞ்சம் கேட்கவில்லை. ஆனாலும் அவளுக்கு வர வேண்டிய பணம் வரவில்லை.

பெரும்பாலான மாணவர் பிரச்சினைகள் இப்படித்தான் சாகின்றன. கொடுமைக்காரர்களால் இல்லை, இரண்டு மேசைகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியால். நல்ல முதல்வர் என்பவர் அந்த இடைவெளியை மூடுகிறவர். "கையெழுத்து யாரிடம் வாங்க வேண்டும் என்று அலைய வேண்டியது மாணவி இல்லை, அது அலுவலகத்தின் வேலை" என்று ஒரே ஒரு உத்தரவு போட்டால் போதும். அதற்கு யு.ஜி.சி. நிதி வேண்டாம். கோட்டையிலிருந்து அரசாணை வர வேண்டாம். மனசு வேண்டும். அவ்வளவுதான்.

தமிழ்நாடு உயர்கல்விச் சேர்க்கையில் முன்னணியில் இருப்பதாக எல்லா மேடைகளிலும் சொல்வார்கள். உண்மைதான். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், இந்திய சராசரி 28.4. பெருமைப்பட வேண்டிய எண். ஆனால் அது வாசலுக்குள் வந்தவர்களின் எண்ணிக்கை. உள்ளே வந்த பிறகு அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

வாத்தியாரை யார் பார்த்துக் கொள்வது?

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மாணவர்கள் எழுதும்போது ஆசிரியர்களைத் திட்டுவது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் ஆசிரியர்களின் நிலைமை என்ன?

யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகள்படி உதவிப் பேராசிரியர் ஒருவர் வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடியாகப் பாடம் நடத்த வேண்டும். மீதி நேரம் தயாரிப்பு, ஆராய்ச்சி, மாணவர்களைச் சந்திப்பது. கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் அந்த மீதி நேரத்தை எது தின்கிறது? ஃபைல்! 1994ல் தொடங்கப்பட்ட நாக் என்ற தர மதிப்பீட்டு அமைப்பு நல்ல நோக்கத்தோடு வந்ததுதான். ஆனால் பல கல்லூரிகளில் அது ஒரு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. குழு வருவதற்கு முன்னால் ஆறு மாதம் பாடம் படுத்துவிடும். புரொஃபசர்கள் எல்லாம் ஃபோட்டோ ஒட்டிக்கொண்டும் பஞ்ச் போட்டுக்கொண்டும் இருப்பார்கள். சுவருக்குப் பெயின்ட், வாசலில் கோலம், கழிப்பறையில் தண்ணீர்... குழு போன மறுநாள் தண்ணீரும் போய்விடும்.

இதைவிடப் பெரிய விஷயம், ஆசிரியர்களுக்குள்ளேயே இருக்கும் பிரிவு. ஒரே ஸ்டாஃப் ரூம், ஒரே பாடம், ஒரே தகுதி. ஒருவருக்கு நிரந்தர வேலை, பக்கத்து நாற்காலியில் இருப்பவர் கௌரவ விரிவுரையாளர். பெயரில் மட்டும் கௌரவம். 2019ல் யு.ஜி.சி. சொன்னது என்ன? கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று. தமிழ்நாடு அரசுக் கல்லூரிகளில் 2024 நிலவரப்படி கொடுக்கப்பட்டது மாதம் 25,000 ரூபாய். அதுவும் வருடத்துக்கு 11 மாதம்தான். கோடை விடுமுறையில் அவர்கள் குடும்பத்துக்குப் பசிக்காது போலிருக்கிறது! உதவி பெறும் கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவுகளில் பாடம் நடத்துகிறவர்கள் பலருக்கு இந்தத் தொகையும் கனவுதான்.

முனைவர் பட்டம் வாங்கி, நெட்டோ செட்டோ பாஸ் செய்து, நாற்பது வயதில் "அடுத்த வருஷம் வேலை இருக்குமா" என்று பயந்துகொண்டே வகுப்புக்குள் நுழைகிற ஒரு மனிதரிடம், "மாணவர்களைத் தாய் மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மேடையில் பேசுவது எந்த விதத்தில் நியாயம்?

சம்பளத்தை ஒரு முதல்வர் உயர்த்த முடியாது. அது அரசாங்கத்தின் கையில். ஆனால் அவரால் முடிகிற விஷயங்கள் இருக்கின்றன. கௌரவ விரிவுரையாளருக்கு உட்கார ஒரு நாற்காலி, புத்தகம் வைக்க ஒரு அலமாரி, துறைக் கூட்டத்தில் பேச ஒரு வாய்ப்பு. டைம்டேபிளில் யாருக்கும் பிடிக்காத வகுப்புகளை எல்லாம் அவர் தலையில் கட்டாமல் இருப்பது. சம்பள பில்லை மாதக் கடைசிக்குள் தயார் செய்து திருநெல்வேலி மண்டல இணை இயக்குநர் அலுவலகத்துக்கு அனுப்பி, அது நகர்ந்ததா என்று போன் போட்டுக் கேட்பது. சின்ன விஷயங்கள்தான். ஆனால் மரியாதை என்பது சின்ன விஷயங்களால் ஆனது. முதல்வர் அறையில் மரியாதை கிடைத்த ஆசிரியர் அதை வகுப்பறைக்கு எடுத்துப் போவார். அவமானம் கிடைத்த ஆசிரியரும் அதை எடுத்துப் போவார். அதை வாங்கிக்கொள்வது மாணவர்கள்.

அபிஷேகப்பட்டியில் ஆறு வருடம்

"இதெல்லாம் பேச நல்லா இருக்கு, எந்த அதிகாரி இப்படி இருந்தார்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்லலாம். தூரத்தில் தேட வேண்டாம். குற்றாலம் கல்லூரி சேர்ந்திருக்கிற அதே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் 1992 முதல் 1998 வரை துணைவேந்தராக இருந்தவர் வே. வசந்தி தேவி. 1938ல் பிறந்தவர். கல்லூரி ஆசிரியராகத் தொடங்கி, கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரியில் முதல்வராக இருந்து, அங்கிருந்து துணைவேந்தர் பதவிக்கு வந்தவர். வகுப்பறையை வருஷக்கணக்காகப் பார்த்தவர் என்பதுதான் இதில் முக்கியம்.

அவர் பொறுப்பில் இருந்த வருடங்கள் எப்படிப்பட்டவை என்று ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். 1995ல் கொடியன்குளம். அதைத் தொடர்ந்து தென் மாவட்டங்களில் சாதிக் கலவரங்கள். பஸ் ஓடாத நாட்கள், ஊரடங்கு, கல்லூரிகளிலும் கையில் கட்டுகிற கயிற்றைப் பார்த்து ஆளை எடைபோடுகிற நிலைமை. அந்தச் சமயத்தில் ஒரு துணைவேந்தர் என்ன செய்யலாம்? பட்டமளிப்பு விழா நடத்திவிட்டு, ஃபைலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சட்டம் ஒழுங்கு போலீஸ் வேலை" என்று இருந்துவிடலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

வசந்தி தேவி மனித உரிமைக் கல்வியைக் கல்லூரிப் படிப்புக்குள் கொண்டுவந்தார். பி.எஸ்சி. படிக்கிற பையனும் பி.காம். படிக்கிற பெண்ணும் சமூகத்தைப் பற்றிப் படிக்க வேண்டும், தன்னைச் சுற்றி நடப்பதைக் கேள்வி கேட்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஒரு பாடத்தால் சாதி ஒழிந்துவிடவில்லை, உண்மைதான். ஆனால் வெளியே ஊர் எரியும்போது வகுப்பறைக்குள் அதைப் பற்றிப் பேசலாம், பேசுவது தப்பில்லை என்று பல்கலைக்கழகமே சொல்வது சின்ன விஷயமா? அதைப் பேச நினைத்த ஆசிரியருக்கு அது ஒரு கவசம். பேச பயந்த மாணவருக்கு அது ஒரு அனுமதி. ஆசிரியரையும் மாணவரையும் ஒரே சமயத்தில் தாங்குவது என்றால் இதுதான்.

பதவி முடிந்ததும் அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவும் இல்லை. மாநில மகளிர் ஆணையத்தின் தலைவராக இருந்தார். அரசுப் பள்ளிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். எழுத்தாளர் சுந்தர ராமசாமி அவரோடு நடத்திய நீண்ட உரையாடல் ‘தமிழகத்தில் கல்வி’ என்ற நூலாக வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி, 86வது வயதில் காலமானார். அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இன்னும் இந்த மாவட்டங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கும்.

சுவாரஸ்யமான ஒரு ஒற்றுமை. அதே 1992ல் அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்துக்குத் தலைவராக வந்தவர் ஃப்ரீமன் ரபௌஸ்கி. கணிதம் படித்த கறுப்பினத்தவர். சிறுவனாக இருந்தபோது 1963ல் பர்மிங்ஹாமில் சம உரிமை ஊர்வலத்தில் கலந்துகொண்டு சிறைக்குப் போனவர். அறிவியலில் கறுப்பின மாணவர்கள் ஏன் முதல் வருடத்திலேயே தோற்று ஓடுகிறார்கள் என்று கேட்டு, உதவித்தொகை, சேர்ந்து படிக்கும் குழுக்கள், ஆய்வகத்தில் நேரடி அனுபவம் என்று 1988ல் அங்கே தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டத்துக்கு உயிர் கொடுத்தவர் அவர். அங்கிருந்து வந்த ஆராய்ச்சியாளர்கள் ஏராளம். தனித்தனியாகப் போராடி ஜெயிக்கச் சொல்லாமல், மாணவர்கள் தோற்காதபடி அமைப்பை மாற்றினார். அங்கே அவருக்கு 2022 வரை முப்பது வருடம் கிடைத்தது. இங்கே துணைவேந்தர் பதவிக்காலம் மூன்று வருடம். வசந்தி தேவிக்கு இரண்டு தடவை கிடைத்தது. எல்லோருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை.

காலி நாற்காலி

கெட்ட தலைமையைவிட மோசமான ஒன்று உண்டென்றால், அது தலைமையே இல்லாமல் இருப்பது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல் தொடங்கியது. ஒரு காலத்தில் தென்னிந்தியாவுக்கே தாய். 2023 ஆகஸ்டில் அங்கே துணைவேந்தர் பதவி காலியானது. ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் நடந்த இழுபறியில் தேடுதல் குழுகூட ஒழுங்காக அமையவில்லை. 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை அந்தப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியபோது முழுநேரத் துணைவேந்தர் இல்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, மே மாதம் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையும் வந்தது. 2025 ஆகஸ்டிலும் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் பென்ஷனும் தாமதமாகி ஊழியர்கள் போராடினார்கள், 2024ல் துணைவேந்தரே ராஜினாமா செய்துவிட்டுப் போனார்.

யார் பக்கம் நியாயம் என்பது அரசியல் கட்சிக்காரர்கள் பேச வேண்டிய விஷயம். மாணவர் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு ரொம்ப எளிமை. 2023ல் சேர்ந்த ஒரு எம்.ஏ. மாணவர் ஒரு துணைவேந்தரைக்கூடப் பார்க்காமல் 2025ல் படிப்பை முடித்துவிட்டார். அந்த இரண்டு வருடத்தை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

கல்லூரி அளவிலும் இதே கதைதான். "பொறுப்பு முதல்வர்" என்ற வார்த்தை தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் பழகிப் போன ஒன்று. சீனியர் பேராசிரியர் ஒருவரை உட்கார வைத்து, அடுத்த உத்தரவு வரும் வரை பார்த்துக்கொள்ளச் சொல்வது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இன்னும் எத்தனை நாள் இங்கே இருப்போம் என்று தெரியாதவர் பெரிய முடிவு எதையும் எடுக்க மாட்டார். "புது பிரின்சிபால் வரட்டும், பார்த்துக்கலாம்" என்பார். புது லேப், புது கோர்ஸ், நிரப்ப வேண்டிய காலியிடம், ரிப்பேர் பார்க்க வேண்டிய ஹாஸ்டல், எல்லாம் அந்த ஒரே வரியில் தூங்கிவிடும். யு.ஜி.சி. விதிமுறை முதல்வருக்கு ஐந்து வருடப் பதவிக்காலம் என்று வைத்திருப்பது சும்மா இல்லை. ஒரு பேட்ச் மாணவர்கள் உள்ளே வந்து, படித்து, வெளியே போவதை ஒருவர் முழுதாகப் பார்க்கவே மூன்று வருடம் வேண்டுமே.

பைசா செலவில்லாமல்

"முதல்வருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? எல்லாம் சென்னையில்" என்று சொல்வது பழைய சாக்கு. பாதி உண்மையும்கூட. ஆசிரியர் நியமனம், நிதி, சம்பளம் எல்லாம் மேலேதான். ஆனால் மீதிப் பாதி? அதுவும் தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டம், தேர்வு முறை இரண்டுமே கல்லூரி கையில் இருக்கிறது. தன்னாட்சி வேண்டும் என்று 1964-66 கோத்தாரி கமிஷன் சொன்னது, 1978ல் தமிழ்நாட்டில் முதல் தன்னாட்சிக் கல்லூரிகள் வந்தன. இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் அந்தச் சுதந்திரம் வினாத்தாள் அச்சடிப்பதற்கு மட்டும் பயன்பட்டால், தவறு சென்னையில் இல்லை.

கையெழுத்து அலைச்சலை ஒழிப்பது பற்றி மேலே சொன்னாயிற்று. உதவித்தொகை கடைசித் தேதிகளை அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி, விண்ணப்பித்த மாணவர்களின் நிலைமை என்ன என்று வாரம் ஒரு முறை முதல்வரே கேட்கலாம். சீசன் மாதங்களில் குற்றாலம் ரோட்டில் கார்கள் வரிசைகட்டி நிற்கும்போது முதல் பீரியடுக்கு லேட்டாக வருகிற பெண்ணை வாசலில் நிற்க வைத்துத் திட்டாமல், அந்த இரண்டு மாதம் வகுப்பு நேரத்தைக் கால் மணி தள்ளி வைக்கலாம். பஸ் ரூட்டைப் பற்றி டிப்போவுக்கு ஒரு கடிதம் எழுதலாம். மாணவி எழுதினால் குப்பைத் தொட்டிக்குப் போகும் கடிதம், முதல்வர் லெட்டர் பேடில் போனால் பதில் வரும்.

தமிழ்நாட்டிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது பிள்ளைகளின் பசியைக் கல்விப் பிரச்சினையாகப் பார்த்தார். காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். சோறு போடுவது இயக்குநர் வேலையா என்று அவர் நினைத்திருந்தால்?

கடைசியாக ஒன்று. குற்றாலத்தில் வாழ்ந்தவர் ரசிகமணி டி.கே.சி. (1882-1954). வக்கீலுக்குப் படித்தவர், இந்து அறநிலையப் பொறுப்பிலும் இருந்தவர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராக இருந்ததில்லை. ஆனால் அவர் வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’யைத் தமிழ் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து கவிதை பேசுவார்கள். பெரிய பதவிக்காரரும் வருவார், சின்னப் பையனும் வருவான். வட்டத்தில் உட்கார்ந்தால் தலைமாடு கால்மாடு கிடையாது. யார் பேசினாலும் எல்லோருக்கும் முகம் தெரியும்.

மாதத்தில் ஒரு மணி நேரம், ஒரு மரத்தடியில், முதல்வரும் பத்து மாணவிகளும் ஐந்து ஆசிரியர்களும் (அதில் இரண்டு பேர் கௌரவ விரிவுரையாளர்கள்!) வட்டமாக உட்கார்ந்தால் என்ன? மைக் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், "மாண்புமிகு" வேண்டாம். "இந்த மாசம் என்ன கஷ்டம்?" என்ற ஒரே கேள்வி போதும். முதல் மாதம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டாவது மாதம் ஒருத்தி கழிப்பறையைப் பற்றிச் சொல்வாள். அது சரியாகிவிட்டால், மூன்றாவது மாதம் ஸ்காலர்ஷிப் வராத பெண் எழுந்திருப்பாள். அதுவும் சரியாகிவிட்டால், வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது, படிப்பை நிறுத்தப் போகிறார்கள் என்று ஒருத்தி அழுதுகொண்டே சொல்ல வாய்ப்பிருக்கிறது. அதைச் சொல்ல அவளுக்கு ஒரு இடம் இருந்ததா இல்லையா என்பதில்தான் ஒரு டிகிரி நிற்கிறது.

1964ல் ஒரு கோவில் தன் பணத்தை எடுத்து வைத்ததும் அந்த மாதிரி ஒருத்திக்காகத்தான். கட்டடம் நிற்கிறது, பெயர்ப்பலகை நிற்கிறது. அந்த முடிவை ஒவ்வொரு வருடமும் புதிதாக எடுக்க வேண்டியது, மேலே உட்கார்ந்திருப்பவர்களின் வேலை.

அருவியில் தண்ணீர் இல்லை என்று அருவியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. மேலே பெய்ய வேண்டும்.

உங்கள் கல்லூரியில் எப்படி? மேலே பெய்கிறதா?